காலை ஒன்பது மணி: நலம்

நாள் 211, 07:40
செவ்வாய் கிரகம், வடக்குப் பள்ளத்தாக்கு நிலையம். எழுதுவது பெனிட்டா, மண் ஆய்வாளர். காற்றுச் சுத்திகரிப்பானில் தானாகத் தூசி தட்டும் பாகம் உடைந்துவிட்டது. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை வடிகட்டியைக் கழற்றிக் கையால் தட்டி மாட்ட வேண்டும். தவறினால் மோட்டார் கருகும். வேறு மோட்டார் இல்லை.

மாற்றுப் பாகம் பழைய இறங்குதளத்தில் இருக்கிறது. போக மூன்று நாள், வர மூன்று நாள். பொறியாளர் ஆவுடையப்பன் அண்ணாச்சி இன்று வண்டியில் கிளம்பினார். இங்கே நாங்கள் இரண்டே பேர். மலைக்கு அப்பால் வானொலி எட்டாது. தினம் ஒருமுறை மேலே கடக்கும் செயற்கைக்கோள் எங்கள் நாட்காட்டியை மட்டும் இணைக்கும். காலை ஒன்பது மணிக் கட்டத்தில் ஒரு வரி போடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

நாட்காட்டியில் இன்றைய கட்டங்கள்: வடிகட்டி எட்டு முறை, சிவப்பு. மண் மாதிரி, பச்சை. தூக்கம் இரண்டிரண்டு மணி நேரமாக, நீலம்.

நாள் 213, 09:15
"நலம். உப்புமா கல்லு மாதிரி இருக்கு. பாதை மோசம்."
சிரித்தேன். பச்சைக் கட்டங்களை எல்லாம் அடுத்த வாரத்துக்குத் தள்ளினேன்.

நாள் 217, 18:30
இன்று திரும்பியிருக்க வேண்டும். வரவில்லை. "நலம். சாப்பிட்டாச்சு. நீ தூங்கு." நான்கு நாளாக இதே வரி. அவருக்கும் அலுப்பாக இருக்கும்.
நிலையத்தின் நேரடி அலைவரிசையில் பூமியைக் கேட்டேன். கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஷாஜிதா:
"பதிவு தினம் வருதே பெனிட்டா. மெதுவா வர்றாரு போல. கவலைப்படாதீங்க."

நாள் 219, 10:05
மண் மாதிரி வேலையை இன்னும் தள்ளிவைக்க அடுத்த வாரத்தைத் திறந்தேன். இத்தனை நாளும் அன்றன்றைக்கு மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.
நாளை ஒன்பது மணிக் கட்டத்தில் இப்போதே நலம். மறுநாளும். அடுத்த மாதமும்.
கட்டத்தைத் தொட்டேன்: தினமும் திரும்ப வரும். முடிவு தேதி இல்லை. பதிந்தது: நாள் 213, 16:30.
விவரம் என்ற இடத்தைத் தொட்டேன்.

"ஏ பெனிட்டா, இரட்டைப் பாறை தாண்டி வண்டி கவுந்துட்டு. காலு அடியில மாட்டிக்கிட்டு. காத்து அஞ்சு மணி நேரத்துக்குத்தான் வரும். நீ கெளம்பி வந்தா மிஷினும் போயிரும், நீயும் போயிருவ. இது உன் கண்ணுல படுறதுக்குள்ள நாலு நாளாவது நிம்மதியாத் தூங்கியிருப்ப. கோவப்படாத."

நாள் 219, 12:10
ஷாஜிதா: "நாங்களும் அன்னன்னைக்கு வந்ததை மட்டுந்தான் பாத்தோம் பெனிட்டா. மன்னிச்சிருங்க. ஏற்கெனவே செவ்வாய்க்கு வந்துட்டிருக்கற கலத்தை மீட்புக்குத் திருப்பிட்டோம், இருபத்தாறு நாள்ல வந்துரும். அட்டவணைய நாங்களே போட்டுத் தர்றோம். நீங்க செஞ்சா மட்டும் போதும்."
12:00 வடிகட்டி. அழுதுகொண்டே தட்டினேன்.

நாள் 231, 12:20
விரல்கள் வெடித்துவிட்டன. நின்றபடியே தூங்கியிருக்கிறேன், வடிகட்டி கையில். பூமி இன்று புதிதாக ஒரு கட்டம் சேர்த்திருக்கிறது: உடற்பயிற்சி, இருபது நிமிடம். நீக்கினேன். மறுபடி வந்தது. மறுபடி நீக்கினேன்.
வடிகட்டி நேரத்துக்கு எழுப்பும் மணியின் ஒலியை மாற்றினேன். மூன்றாவது முறை. பழகிப்போனால் காதில் விழுவதில்லை.

நாள் 238, 15:04
வருகிறவர்களுக்கு. நேராக நிலையத்துக்கு வர வேண்டாம். பழைய இறங்குதளப் பாதையில் போங்கள், இரட்டைப் பாறை தாண்டி வலப்பக்கப் பள்ளம். முதலில் அண்ணாச்சியை எடுங்கள். வண்டியைத் தூக்கும்போது காலைப் பார்த்துத் தூக்குங்கள். இனி அவருக்கு வலிக்காது என்று தெரியும், இருந்தாலும்.
மண் மாதிரிகள் இரண்டாம் அடுக்கில். பாதிதான் முடிந்தது.
இன்னும் ஏழு நாள். ஐம்பத்தாறு முறை.
15:00 மணி அடித்தது. அணைத்துவிட்டேன். இந்த வரியை முடித்துவிட்டு எழுந்து தட்ட வேண்டும். நாற்காலி இதமாக இருக்கிறது. இதோ, எழு