எல்லோரும் ஒப்புக்கொண்ட வாய்

இன்று மத்தியானம் பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடையில் கல்லாவில் இருந்த அண்ணன் கிராம்பு மென்றுகொண்டிருந்தார். அந்த வாசனையோடு நீ வந்துவிட்டாய். உன் கன்னத்துக்குள் எப்போதும் ஒரு கிராம்பு இருக்கும். பல் டாக்டருக்கு வாய் மணக்க வேண்டாமா என்பாய். நானும் பல் டாக்டர்தான், நம்பினேன்.

கிள்ளானில் நடந்த அந்தப் பயிற்சி நாள். நாடு முழுக்க மக்களின் ஈறு நோயைக் கணக்கெடுக்கப் போகிறோம். ஒரு வாயை யார் பார்த்தாலும் ஒரே நிலையைச் சொல்ல வேண்டும். ஆளுக்கொன்று சொன்னால் மொத்தக் கணக்கும் குப்பை. அதற்காகக் கம்போங் மேடானிலிருந்து லோரி ஓட்டும் ஓர் அங்கிளை அழைத்து வந்திருந்தார்கள். ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே மெல்லிய அளவுகோலை விட்டு, ஒருவர் மாற்றி ஒருவர் ஆழம் பார்த்தோம். அவர் வாயெல்லாம் ரத்தம். வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல் கைப்பிடியை இறுக்கிக்கொண்டிருந்தார்.

நீ எழுந்தாய். "போதும் டாக்டர், பாவம் லா அந்த அங்கிள். நாம குத்தி வந்த ரத்தத்தையே அடுத்த ஆளு நோய்னு எழுதுவாங்க."

பயிற்சி கொடுத்த தலைமை டாக்டர், நம்ம தமிழர்தான், சிரித்தார். "அப்ப உங்க வாயத் தர்றீங்களா?"

வீம்புக்காரி நீ. போய்ப் படுத்துவிட்டாய்.

தலைமை டாக்டரே கோலை விட்டு ஒவ்வொரு பல்லாக அளந்தார். பிறகு, "எல்லாரும் வாங்க! இப்படி ஒரு கேஸ் தேடினாலும் கிடைக்காது" என்றார். வரிசையாக வந்து உன் முன்பற்களை ஆட்டிப் பார்த்தார்கள். ஆழத்தைச் சத்தமாகச் சொன்னார்கள். நான் மட்டும் ஒதுங்கி நின்றேன். நீதான் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாய்: "வா லா. நீயும் பாத்தாதான் கணக்கு சேரும்."

அன்று நாங்கள் ஒருமித்துச் சொன்ன ஒரே விடை நீதான். நான்கு. ஆகக் கடுமையான நிலை. கை தட்டினார்கள்.

திரும்பும்போது காரில் சொன்னாய்: "சுகர் லா. பல் டாக்டருக்கே பல் ஆடுதுன்னு யாருகிட்ட போய்ச் சொல்றது?"

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"நீயும் டாக்டர்தானே."

அதற்குப் பிறகு உன் பெயரே 'நாலு' ஆகிவிட்டது. முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், அப்புறம் முகத்துக்கு நேராகவே. சுங்கை பூலோவில் வீடு வீடாக ஏறி எல்லோரையும் வாய் திறக்கச் சொன்ன நீ, எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதை நிறுத்தினாய். முன்பற்கள் விழுந்தன. சர்க்கரை முதலில் ஒரு காலை எடுத்தது, பிறகு சிறுநீரகத்தை, பிறகு உன்னை.

சாவு வீட்டுக்குத் தலைமை டாக்டர் வந்திருந்தார். "அவங்க அளவு எப்பவும் என் அளவோட ஒத்துப்போகும். நல்ல எக்சாமினர்" என்றார். உன் கணவர் கும்பிட்டு நன்றி சொன்னார்.

இப்போது பயிற்சி கொடுப்பது நான். ஈறில் ரத்தம் வந்தால் நிறுத்திவிடுகிறேன். 'நல்ல கேஸ்' என்று யாராவது வாய் தவறிச் சொன்னால் அறையை விட்டு வெளியே அனுப்புகிறேன். எனக்கு ரொம்ப இளகின மனசு என்று பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் பேசிக்கொள்கிறார்கள். இளகவே இல்லை. அன்று கை தட்டிய ஒவ்வொரு முகமும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதில் ஒருவரையும் நான் மன்னிக்கவில்லை.