கருகல் வாசம் வராத கண்

நிலைய நாள் 412 | 08.40 | வழக்கமான பதிவு

கடைசியாக உறுதியான தகவல்: என் வலக்கண்ணில் வைப்பதற்கான திசு தயாராக இருக்கிறது. சொன்னவர் டாக்டர் சுகவனம், இந்த நிலையத்தின் ஒரே கண் மருத்துவர். அரை மணி நேரத்துக்கு முன் உள்வானொலியில் சொன்னார். பதிவு என்னிடம் இருக்கிறது.

"ஜெசிந்தா மேடம், நல்ல செய்தி. வில்லை கிடைச்சிருச்சு. ரெண்டு மூணு நாள்ல வெச்சிரலாம். பத்து நிமிஷ வேலை, பயப்படாதீங்க."

இதைப் படிப்பவர் யாரென்று எனக்குத் தெரியாது. அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். நான் ஜெசிந்தா ஃபர்னாந்து. செவ்வாயிலுள்ள இந்தச் சுரங்க நிலையத்திலிருந்து பூமிக்குச் செய்தி அனுப்புகிறவள். சில மாதங்களாக என் வலது கருவிழி மெலிந்து கூம்பாக முன்தள்ளி வருகிறது. ஒரு விளக்கைப் பார்த்தால் ஐந்தாகத் தெரிகிறது. கண்ணாடி போட்டும் பயனில்லை. இன்னொருவர் கருவிழியிலிருந்து எடுத்த மெல்லிய வில்லையை உள்ளே வைத்தால் படலம் தாங்கும். வைக்காவிட்டால் ஒருநாள் உட்புறம் கிழிந்து நீர் புகும். இடது கண் நன்றாக இருக்கிறது. இதை அந்தக் கண்ணால்தான் எழுதுகிறேன்.

தூசி மிதம். மூன்றாம் காற்று வடிகட்டி இன்னும் பழுது. கடலைமிட்டாய் தீர்ந்துவிட்டது.

நிலைய நாள் 412 | 13.15 | ஒரு கேள்வி

நல்ல செய்தியைப் பூமிக்கு எழுத உட்கார்ந்தேன். முதல் வரியிலேயே நின்றுவிட்டேன். திசு எங்கிருந்து வந்தது?

ஊரில் கண் தானம் என்றால் இறந்தவர் கண். இங்கே யாரும் இறக்கவில்லை. கப்பலும் வரவில்லை, அடுத்தது வர ஓராண்டுக்கு மேல் ஆகும். போன கப்பலில் தானத் திசு அடங்கிய உறைபெட்டி ஒன்று வந்தது நினைவிருந்தது. கிடங்குப் பொறுப்பாளர் தேவசகாயத்தைக் கூப்பிட்டேன்.

"அந்தப் பெட்டியா? கரண்ட் போன அன்னிக்கே கெட்டுப்போச்சும்மா. நான்தான் எரிச்சேன். டாக்டர் பக்கத்துலயே நின்னாரு. அவரு மூஞ்சியைப் பார்க்கணுமே, சொந்தப் பிள்ளையை எரிச்ச மாதிரி."

டாக்டரிடமே கேட்டேன்.

"இருந்துச்சும்மா. எல்லாத்தையும் செய்தியாக்கணுமா?"

காலையில் 'மேடம்' என்றவர் மதியம் 'அம்மா' என்கிறார். அவர் குரலுக்குப் பின்னால் சிஸ்டர் நூருன்னிசா திரையிலுள்ள எண்களை உரக்கப் படித்துக்கொண்டிருந்தார். திரை டாக்டரின் முன்னால்தான் இருக்கும்.

நிலைய நாள் 413 | 10.05 | வண்டி ஓட்டுநர்

இந்த வாரம் லேசர் படுக்கையில் படுத்தவர் ஒரே ஒருவர்: இசக்கிப்பாண்டி. திருச்செந்தூர்ப் பக்கத்துக்காரர். தாதுவண்டி ஓட்டுகிறார். இடது கருவிழியில் தூசி கீறிய தழும்பு இருந்தது. அதை லேசரால் நீக்கினார்கள். இன்று காலை வானொலியில் கிடைத்தார்.

"யக்கா, நீங்களா? ரெண்டு கண்ணையும் கட்டிப் போட்டுட்டாவ. கூட வண்டி ஓட்டுத மரியசூசைதான் சோறு ஊட்டுதான். பாதி வாயில, பாதி மூக்குல."

தழும்பு ஒரு கண்ணில்தானே, இரண்டுக்கும் ஏன் கட்டு என்று கேட்டேன்.

"அதத்தான் நானும் கேட்டேன். ரெண்டும் சேந்து ஓய்வெடுக்கணும்னு டாக்டரு சொல்லுதாரு. சிஸ்டர் இடது புருவத்துக்கு மேலதான் பிளாஸ்திரி ஒட்டுனாவ. எந்தக் கண்ணுக்கு அறுவைன்னு அடையாளம் தெரிய நம்மூரு கண் முகாம்ல ஒட்டுவாவல்லா, அதே மாதிரி. இடதுல சடசடன்னு சத்தம், முடி கருகுன வாசம். 'எவன்லே இங்க கோழி வாட்டுதான்'னு கேட்டேன். சிஸ்டர் சிரிச்சிட்டாவ. பெறவு வலதுல கிண்ணம் மாதிரி ஒண்ண வச்சு உறிஞ்சுச்சு. கண்ணு இருட்டிட்டு வந்துச்சு. வாசமே இல்லக்கா. சும்மா சோதனைன்னாரு."

அந்த இயந்திரத்தைப் பற்றி நான்தான் முன்பு கட்டுரை எழுதினேன். அதில் இரண்டு கதிர்கள் உண்டு. ஒன்று தழும்பை மேலிருந்து ஆவியாக்கும். கருகல் வாசம் வருவது அதனால்தான். முடிந்தபின் எடுக்க எதுவும் மிஞ்சாது. மற்றது கண்ணைக் கிண்ணத்தால் உறிஞ்சிப் பிடித்து, படலத்தின் உள்ளே வெட்டும். அதற்கு வாசம் கிடையாது. வெட்டிய பின் வெங்காயச் சவ்வு போல ஒரு வில்லை வெளியே வரும்.

இரண்டாவது கதிரில் சோதனை என்று எதுவும் இல்லை.

நிலைய நாள் 413 | 16.30 | உறுதிப்படுத்தல்

ஒரு சாட்சி போதாது. மாலையில் கட்டு அவிழ்த்ததும் இசக்கிப்பாண்டியிடம் கேட்டேன்: இடது கண்ணை மூடிக்கொண்டு, கையிலுள்ள ஊறுகாய்ப் புட்டியின் எழுத்தைப் படியுங்கள்.

"எறும்பு ஊருத மாதிரி இருக்குக்கா. முந்தாநாத்து இதே புட்டில தேதி பார்த்துத்தான் தின்னேன். ஆறிட்டா சரியாயிருமாக்கா? அடுத்த வாரம் எனக்குக் கண் தேர்வு. வண்டிய பிடுங்கிட்டான்னா நான் இங்க என்னத்துக்கு?"

அவர் சொன்னதை அப்படியே பதிவு செய்துகொண்டேன்.

சிஸ்டர் நூருன்னிசா ஒரு வாக்கியம்தான் சொன்னார்: "நான் ஒட்டுனது ஒரு கண்ணுக்குத்தான் மேடம், அதுக்கு மேல என்கிட்ட கேக்காதீங்க."

நிலையத் தலைவர் வடக்குத் துளைக்களத்தில் இருக்கிறார். தூசி அடங்கினால்தான் திரும்புவார். எனவே இவர்கள் இருவரின் ஒலிப்பதிவுகளையும் பூமியிலுள்ள மருத்துவ மேற்பார்வைக் குழுவுக்கு அனுப்பினேன். வந்த ஒப்புகை: "கிடைத்தது. குழு கூடி முடிவு செய்யும். பதில் உங்கள் நாள் 415, 07.10க்கு வந்து சேரும்."

நிலைய நாள் 414 | 09.20 | டாக்டர் பேசுகிறார்

மறுப்பார் என்று நினைத்தேன். மறுக்கவில்லை. காணொலி அழைப்பு, முழுப்பதிவு இருக்கிறது.

"ஆமா, எடுத்தேன். அவனுக்குக் கண்ணாடி போட்டா சரியாயிரும். உங்களுக்கு எதைப் போட்டாலும் சரியாகாது. இதுல தப்பு எங்க இருக்கு, சொல்லுங்க."

"அவர்கிட்ட கேட்டீங்களா டாக்டர்?"

"கேட்டா குடுத்திருப்பானா?"

"திரும்ப வைக்க முடியுமா?"

திரையில் நேரத்தைப் பார்த்தார்.

"நாளைக்குக் காலையில ஆறு மணிக்குள்ள வெச்சா முடியும். அதுக்கு மேல தாங்காது. அவனுக்கு வெச்சா உங்களுக்கு இல்ல. அடுத்த கப்பல் வரைக்கும் உங்க கண்ணு நிக்காது. யோசிச்சுப் பேசுங்க."

இணைப்பைத் துண்டிக்காமல் இடது கண்ணை மூடினேன். கூரை விளக்கைப் பார்த்தேன். ஐந்து விளக்குகள், ஒவ்வொன்றுக்கும் வால். என் மகளின் படத்தை எடுத்துப் பார்த்தேன். முகம் இருந்த இடத்தில் புகைதான் தெரிந்தது. வில்லை அவர் கையில் இருக்கிறது. பத்து நிமிட வேலை.

"அவருக்கே வையுங்க" என்றேன்.

"சரி. நீங்களும் வாங்க, சாட்சிக்கு."

நிலைய நாள் 414 | 15.00 | ஊகம், உறுதியாகவில்லை

அந்தச் 'சரி' எனக்குச் சரியாகப் படவில்லை. திருடியதை ஒரே சொல்லில் திருப்பித் தருகிற ஆளை இத்தனை வருடத்தில் நான் பார்த்ததில்லை.

காணொலியை மறுபடி ஓட்டினேன், ஒலி இல்லாமல். டாக்டர் ஒரு கண்ணைச் சுருக்குகிறார். தலையை இடப்பக்கம் சாய்க்கிறார். திரைக்கு ஒரு சாண் தூரத்தில் முகம். அந்தச் சாய்வு எனக்குத் தெரியும். கண்ணாடி முன் நின்றால் நானும் அப்படித்தான் சாய்கிறேன். அவருக்கும் என் நோய்தான்.

சிஸ்டர் ஏன் எண்களை உரக்கப் படிக்கிறார் என்பது இப்போது புரிகிறது. உறைபெட்டி எரிந்தபோது அவர் முகம் ஏன் அப்படிப் போனது என்பதும்.

அவருக்கு அறுவை செய்ய இங்கே இன்னொரு மருத்துவர் இல்லை. இயந்திரம் தானாகச் செய்யும். ஆனால் வில்லை வைத்த கண் செவ்வாயில் தேறுமா என்று யாருக்கும் தெரியாது. முதலில் வேறு ஒரு கண்ணில் வைத்துப் பார்க்க வேண்டும். அந்த ஒத்திகை நான்தான் போலிருக்கிறது.

போகாமல் இருந்தால் வில்லை இசக்கிப்பாண்டிக்குத் திரும்பியதா என்று யாரும் சொல்ல மாட்டார்கள். போகிறேன்.

நிலைய நாள் 415 | 06.12 | அறுவை அறை

உறுதியான தகவல்: வில்லை இசக்கிப்பாண்டியின் வலக்கண்ணுக்குத் திரும்பிவிட்டது. இடது கண்ணால் நானே பார்த்தேன். சிஸ்டர் வெட்டுவாயைத் திறந்துகொடுக்க, இயந்திரக் கை உள்ளே செருகியது. கட்டுப் போட்டுப் பக்கத்துப் படுக்கையில் கிடத்தியிருக்கிறார்கள்.

"யக்கா, முடிஞ்சுட்டா? தேர்வுல தேறிட்டா உங்கள வண்டில ஏத்தி ஊர சுத்திக் காட்டுதேன். சுத்துறதுக்கு இங்க ஊருதான் இல்ல."

அறை வாசலின் தூசித்தடுப்புக் கதவு இன்னும் பூட்டியிருக்கிறது. சுத்திகரிப்பு முடிந்தால்தான் திறக்குமாம். உங்கள் கண் சிவந்திருக்கிறது, தூசி கழுவிவிடுகிறேன், சாய்ந்துகொள்ளுங்கள் என்கிறார் சிஸ்டர்.

நிலைய நாள் 415 | 06.27 | குரல் பதிவு

எழுத்து தெரியவில்லை. பேசுகிறேன். தூசிக்கு ஒரு சொட்டு என்றார். மூன்று விட்டார். இடது கண் மரத்துவிட்டது. சாட்சிக்குச் சொட்டு மருந்து எதற்கு?

நெற்றியில் பட்டை. எழ முடியவில்லை. கை மட்டும் எட்டுகிறது. புருவத்தைத் தடவினேன். பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறது. இடது புருவத்தின் மேல்.

சிஸ்டர், இது என் நல்ல கண். அவர் திரையிலுள்ள எண்களைப் படிக்கிறார். என் கண்ணின் தடிமன். ஒத்திகை இசக்கிப்பாண்டிதான், இந்த வில்லை டாக்டருக்கு.

தலைமாட்டில் டாக்டரின் குரல்: "ஆட்டாதீங்க மேடம். பத்து நிமிஷ வேலை."

"யக்கா? அந்த உறிஞ்சுற சத்தம் எனக்குத் தெரியும். எனக்குத்தான் வச்சாச்சே, இப்ப யாருக்கு? ஏ டாக்டரே!"

கிண்ணம் இறங்கிவிட்டது. இருட்டுகிறது. மூச்சை இழுத்துப் பார்க்கிறேன். வாசம் இல்லை.

நிலுவையில் இருப்பது பூமியின் பதில். 07.10க்கு எதிர்பார்க்கப்படுகிறது. வந்தால், யாராவது எனக்குப் படித்துக் காட்டுங்கள்.