முதல் இருபது நிமிடத்தை வெட்டாதே

அன்புள்ள குட்டிக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பாவின் முதுகுவலி உட்பட இங்கே எல்லாம் அப்படியே இருக்கிறது. நீ நன்றாக இல்லை என்பது நீ அனுப்பிய நாலு வரியிலேயே தெரிந்துவிட்டது. உன் டிஜே நிகழ்ச்சியில் முதல் இருபது நிமிடத்தை வெட்டு, எடுத்த எடுப்பிலேயே அதிர வை, இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்க்கிறோம் என்று விழாக்காரர்கள் சொன்னார்களாம், வெட்டிவிடலாமா என்று என்னைக் கேட்கிறாய். வெட்டாதே.

சும்மா சொல்லவில்லை. நீ அனுப்பிய இரண்டு மணி நேரப் பதிவைச் செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில், மடிக்கிற மேஜைக்கு அடியில் ஸ்பீக்கரை வைத்துப் போட்டேன். முதலில் வெறும் தும் தும் தும், வேறொன்றும் இல்லை. பத்தாவது நிமிடம் சூப்பர்வைசர் ஓடிவந்து, மூணாம் நம்பர் மெஷின்ல பேரிங் போச்சு என்று அதை நிறுத்திவிட்டார். மெக்கானிக் பின்பக்கத்தைக் கழற்றிக் காதை வைத்துப் பார்த்துவிட்டு, மெஷினே நின்னுடுச்சு, சத்தம் மட்டும் எங்கேர்ந்துய்யா வருது என்று மிரண்டார். அது மெஷின் இல்லைங்க, என் பொண்ணு என்றேன். பாட்டே இன்னும் ஆரம்பிக்கலையேம்மா, ஆஃப் பண்ணு என்றார் சூப்பர்வைசர். முடியாது என்றேன். பதினோரு வருடத்தில் அவரிடம் நான் சொன்ன முதல் முடியாது.

அந்தத் தும் தும்முக்குள் மெல்லிய இசை ஒன்று எப்போது வந்தது என்று தெரியவில்லை, கவனித்தபோது ஏற்கெனவே இருந்தது. மேஜையில் மடிக்கிற நாங்கள் நாலு பேரும் பேச்சில்லாமல் ஒரே சீராக விரிப்புகளை உதறி மடித்துக்கொண்டிருந்தோம். நாற்பதாவது நிமிடத்தில் திடீரென்று அந்தத் தும் தும் துடிப்பை நிறுத்திவிட்டாய். விரிப்பைப் பிடித்தபடி எங்கள் கைகள் அந்தரத்தில் நின்றன. அது திரும்பி வந்தபோது எதிரே மடிக்கிறவள், ஒரு நொடிகூட வாய் ஓயாதவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஏன்க்கா, உங்க பொண்ணுக்கு மனசாட்சியே இல்லையா, இப்படியா ஆளைக் காக்க வைப்பா என்றாள். எடுத்த எடுப்பிலேயே அதிர வைத்திருந்தால் எங்கள் கை அங்கே நின்றிருக்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் நடந்ததைக் காலையில் செருப்பு மாட்டியதிலிருந்து சொல்லத் தொடங்குவாய், நான் சமையலறையிலிருந்தே சீக்கிரம் விஷயத்துக்கு வா என்று அதட்டுவேன். உன்னிடம் முதன்முதலில் வெட்டு என்று சொன்னது விழாக்காரர்கள் இல்லை, நான்தான். அந்த வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். அவர்கள் வேறு ஆளைப் பார்க்கிறார்களா, தாராளமாகப் பார்க்கட்டும்.

வேளைக்குச் சாப்பிடு. காதுக்குப் பஞ்சு வைக்க மறக்காதே. உன் மனசுபோல எல்லாம் நிதானமாக, நிறைவாக நடக்கட்டும். இதைப் படித்ததும் அவர்களுக்கு முடியாது என்று எழுதிவிடு. அதை மட்டும் இழுக்காதே.

என்றும் உன் பக்கம் நிற்கிற,
அம்மா