உன் தம்பி பறந்த பழைய விமானம்

இன்று காலை தொலைக்காட்சியில் பழைய போர் விமானங்களுக்கு விடை கொடுத்தார்கள். மரியாதைக்காக இரண்டு பக்கமும் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்க, அவை நடுவில் மெதுவாக ஊர்ந்து போயின. பார்க்க வந்தவர்களில் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நீ உயிரோடு இருந்திருந்தால் இந்தச் செய்தியை முதலில் உனக்குத்தான் சொல்லியிருப்பேன்.

நாம் இருவரும் பள்ளத்தூரில் ஆசிரியைகளாக இருந்த காலம். பாகிஸ்தானோடு சண்டை முடிந்த மறு வருஷம். ரேஷன் கடை வரிசையில் நின்றால் அரிசி கைக்கு வருமுன் பள்ளிக்கூட மணி அடித்துவிடும். "பிள்ளைக பசியோட வந்து உக்காந்திருக்குக. தில்லியில துப்பாக்கிக்குக் கொட்டுறாக" என்று ஆசிரியர் அறையில் எல்லோர் முன்னாலும் சொன்னவள் நீ.

அந்தக் கோடையில் உன் தம்பி சுந்தரம் விடுப்பில் வந்தான். அப்பா இல்லாத வீட்டில் நீ வளர்த்த பிள்ளை. விமானப்படையில் மெக்கானிக்காகச் சேர்ந்து, மலை முகாம்களுக்கு அரிசியும் மண்ணெண்ணெயும் கொண்டுபோகும் சரக்கு விமானத்தில் கூடவே பறந்துகொண்டிருந்தான். சாப்பிட்டுக்கொண்டே சிரித்தான்.

"அந்த விமானம் எனக்கு மூத்ததுக்கா. வெள்ளைக்காரன் விட்டுட்டுப் போனது. உதிரி பாகம் கிடைக்காது. ஒண்ணுல கழட்டி இன்னொண்ணுல மாட்டுவோம்."

நானும் சேர்ந்து சிரித்தேன். நீ கரண்டியைக் கீழே வைத்துவிட்டாய்.

சில மாதம் கழித்துக் காரைக்குடியில் ஒரு பொதுக்கூட்டம். தில்லியிலிருந்து துணை மந்திரி ஒருவர் வந்திருந்தார். பாதுகாப்புக்குக் கூடுதல் பணம் ஒதுக்கியாக வேண்டும், மக்கள் வயிற்றைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று பேசினார். பெண்கள் பக்கத்திலிருந்து நீ எழுந்தாய்.

"வயித்தக் கட்டிக்கிறோங்கய்யா. அந்தப் பணத்துல பழைய விமானத்தையெல்லாம் எப்ப நிறுத்துவீக?"

"உக்காருங்க டீச்சர்" என்றது பின்னால் ஒரு குரல்.

மந்திரி கோபப்படவில்லை. "எல்லாம் ஒரே வருஷத்துல முடியாதும்மா. புதுசு வர்ற வரைக்கும் பழசு பறக்கத்தான் வேணும்."

"பறக்குறது என் தம்பிங்கய்யா. அவன் போனா புதுசு வராது."

அவர் மேடையின் ஓரத்துக்கு வந்து, "தம்பி பேரு என்னம்மா? வேற வேலைக்கு மாத்தச் சொல்றேன்." என்று கேட்டார். பக்கத்தில் ஒருவர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்.

நீ அந்தப் பேனாவைப் பார்த்தாய். பிறகு, "பேரு வேண்டாங்கய்யா. அவன் ஒருத்தன் இறங்குனாப் போதாது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாய்.

திரும்பி வரும்போது பேருந்தில் "பேரச் சொல்லியிருக்கலாமோ?" என்று கேட்டாய். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

அவன் தொடர்ந்து பறந்தான். எழுபதுகளின் தொடக்கத்தில் ஒருநாள் இயந்திரம் நின்றுபோய் அவனுடைய விமானம் ஓர் ஆற்று மணலில் இறங்கியது. உயிர் பிழைத்தான். இடது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. அதன் பிறகுதான் அந்த விமானங்களை ஒவ்வொன்றாக நிறுத்தினார்கள்.

அவன் கட்டைக்காலோடு வீட்டுக்கு வந்த அன்று நானும் உன்னோடு இருந்தேன். "அன்னைக்கு உன் பேரச் சொல்லியிருந்தா இந்தக் கால் இருந்திருக்கும்டா" என்று அழுதாய்.

அவன் அந்தக் கூட்டத்தைப் பற்றி அப்போதுதான் முழுதாகக் கேட்டுத் தெரிந்துகொண்டான். "என் எடத்துல வேற ஒருத்தன் ஏறியிருப்பான்க்கா" என்றான். உன் அழுகை நின்றது. ஆனால் அந்தப் பதில் உனக்குப் போதுமானதாக இருந்ததா என்று கடைசி வரை நான் கேட்கவில்லை.

இப்போதும் ஒவ்வொரு வருஷமும் பட்ஜெட் வாசிக்கிறார்கள். ராணுவத்துக்கு ஒதுக்கியது அதிகமா குறைவா என்று தொலைக்காட்சியில் வாதாடுகிறார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதாகத்தான் எனக்குத் தோன்றுகிறது. வரிசையில் நின்ற நீயும் சரி, கூட்டத்தில் எழுந்து நின்ற நீயும் சரி. ஆனால் என் எண்ணம் அந்த வாதத்தில் நிற்பதில்லை. எனக்கு இரண்டு மகன்கள். அவர்கள் அந்த விமானத்தில் பறந்து, திறந்த பேனாவோடு ஒருவர் வந்து கேட்டிருந்தால், நான் இரண்டு பெயரையும் சொல்லியிருப்பேன்.