நந்தியருகே தேடிய முகம்

ராகலை, இலங்கை
9.8.1959

அன்புள்ள சீதாலெட்சுமிக்கு,

நீயும் அம்மாவும் ஜெயலெட்சுமியும் சுகமாக இருக்கிறீர்களா? இங்கே குளிரைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. விசா மட்டும் இன்னும் புதுப்பித்து வரவில்லை. அது இல்லாமல் ஊருக்கு வந்தால் திரும்பிக் கடை வேலைக்கு வரமுடியாதாம். நான் ஊரை விட்டு வந்து இதோடு ஐந்து வருடம்.

பெரிய கோயிலில் சினிமா எடுத்தபோது நந்தியருகே பிள்ளையோடு நின்றதாக எழுதியிருந்தாயே, அந்தப் படம் நுவரெலியாவுக்கு வந்தது. திரையில் கோபுரம் தெரிந்ததும் தேயிலைத் தோட்டத்து ஜனங்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். ஒருவர் சூடமே கொளுத்திவிட்டார். உன்னைத் தேடி நான் எழுந்து நின்றுவிட்டேன். "ஒக்காருங்கண்ணே, கோபுரத்த மறைக்கிறீங்க!" என்று பின்னாலிருந்த ஒரு அம்மா சத்தம் போட்டார்.

மூன்று ஞாயிறு போனேன். இடுப்பில் குழந்தையோடு நின்ற பெண்களை மட்டும் பார்த்தேன், நீ இல்லை. கடைசியாகத் திரும்பும்போது பஸ்ஸில்தான் உறைத்தது, ஜெயலெட்சுமி இடுப்பில் இருந்தது நான் புறப்பட்ட அன்று. இப்போது நடக்கிற பிள்ளை. படத்தையும் மாற்றிவிட்டார்கள்.

தபாலுக்கு நேரமாகிவிட்டது. ஒரு நூலால் அவள் உயரத்தை அளந்து அறுத்து, கடிதத்துக்குள் வைத்து அனுப்பு. அளக்கும்போது குதிகாலைத் தூக்கப்போகிறாள், பார்த்துக்கொள்.

உன்
லெட்சுமணன்