நிறுத்தக் கூடாத இன்ஜின்

நன்னிலம்
18.8.2024

அன்புத் தம்பி ராம்கிக்கு,

அக்கா பிரகதீஸ்வரி எழுதுவது. நான் நலம். அப்பா ஏதோ இருக்கிறார்.

வாட்ஸ்அப் காலத்தில் கடிதம் எதற்கு என்று சிரிக்காதே. போனில் நீ பேசியதை அப்பா மறுநாளே மறந்துவிடுகிறார். "தம்பி பேசி ஒரு மாசம் ஆச்சே" என்று என்னைத்தான் கோபித்துக்கொள்கிறார். கடிதம் என்றால் தினமும் வாசித்துக் காட்டலாம். அதனால் எழுது, நீளமாக எழுது. இரண்டு வரி எழுதிவிட்டு "மற்றவை நேரில்" என்று முடித்தால் காது திருகப்படும்.

அவருடைய இதயம் பாதி வேலைகூடச் செய்யவில்லை என்கிறார் டாக்டர். ஆனாலும் படுத்துக்கொண்டே வாய்க்காலில் தண்ணீர் வருகிறதா, குறுவை பால் பிடித்துவிட்டதா என்று கேட்டு அதிகாரம் செய்கிறார். உன் அத்தான் பட்டுக்கோட்டையில் தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறார். தேங்காய் மண்டிக் கணக்குப்பிள்ளை அல்லவா, சாம்பாரில் உப்புப் போடுவதற்கும் எனக்குப் போன் செய்து கணக்குக் கேட்கிறார்.

அப்பா தினமும் கேட்பது ஒன்றுதான். "தம்பி எப்ப வர்றான்?" தீபாவளிக்கு வருவான் என்று சொல்லி வைத்திருக்கிறேன். என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதே.

உன் அக்கா,
பிரகதீஸ்வரி


ஷார்ஜா
9.9.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். வெயிலைப் பற்றி எழுதப்போவதில்லை, எழுதினால் காகிதம் வெந்துவிடும்.

ஒரு நல்ல செய்தி. எங்கள் ஒர்க்‌ஷாப் முதலாளி அந்தக் காலத்து அமெரிக்கக் கார் ஒன்று வாங்கியிருக்கிறார். நன்னிலத்தில் நம் தெருவுக்குள் திரும்பாது, அவ்வளவு நீளம். உள்ளே இன்ஜின் இல்லை. "பழைய சாமான்களை வைத்தே ஒரு இன்ஜின் கட்டு. அது ஓடுகிற அன்றைக்கு உனக்கு இரண்டு மாத லீவு" என்று சொல்லிவிட்டார். வேலையை ஆரம்பித்துவிட்டேன்.

இது அப்பாவுக்கு, சத்தமாக வாசி: அப்பா, எட்டு சிலிண்டர் இன்ஜின். கொள்ளளவு ஏழரை லிட்டர். ஆமாம், ஏழரைதான். பிளாக் ஒரு காயலான் கடையில் கிடைத்தது, துருவைச் சுரண்டவே ஒரு வாரம் ஆயிற்று. கிராங்க் ஒரு பழைய படகிலிருந்து வந்தது. ஹெட் இரண்டும் என்னோடு வேலை செய்யும் ஜெகபர் அலி அண்ணன் தேடிப் பிடித்துக் கொடுத்தது. இங்கிருக்கும் பையன்கள் வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்டில் ரேஸ் ரகத்தைப் போடு என்கிறார்கள். நான் சாதுவான கேம்தான் போடப்போகிறேன். சீறிக்கொண்டு ஓடி நாலு நாளில் நின்று போவதைவிட நிதானமாக நெடுநாள் ஓடட்டும். உங்களைப் போல இருக்கட்டும் அப்பா.

தீபாவளிக்கு முடியாது அக்கா. பிஸ்டன் இன்னும் வந்து சேரவில்லை. கோபித்துக்கொள்ளாதே.

அன்புடன்,
ராம்கி


நன்னிலம்
27.10.2024

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தை இதுவரை நாற்பது தடவையாவது வாசித்திருப்பேன். உன் இன்ஜினை எனக்கே பிரித்துப் பூட்டத் தெரியும் போலிருக்கிறது. ஏழரை என்ற இடம் வந்ததும் அப்பா ஒவ்வொரு முறையும் புதிதாகச் சிரிக்கிறார். "சனியன இவன் காசு கொடுத்து வாங்கியிருக்கான் பாரு" என்கிறார். "அது கெளம்புறப்ப எனக்குப் போன் போடச் சொல்லு, காதால கேக்கணும்" என்றும் சொன்னார்.

இனி எழுதுவதை அவருக்கு வாசிக்கமாட்டேன்.

ராம்கி, கால் இரண்டும் வீங்கிவிட்டன. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று இரவெல்லாம் உட்கார்ந்தே இருக்கிறார். டாக்டர் நாள் குறித்துச் சொல்லவில்லை. "பையனுக்குச் சொல்லிட்டீங்களா" என்று மட்டும் கேட்டார். இன்ஜின் ஓடினால்தான் பிள்ளையை அனுப்புவேன் என்பது எந்த ஊர் நியாயம்? முதலாளி காலில் விழுந்தாவது லீவு வாங்கிக்கொண்டு வா. இங்கே கொல்லைப்பக்கம் போய் அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு உள்ளே வந்து அவருக்குக் கஞ்சி கொடுக்கிறேன். என்னால் தனியாக முடியவில்லை.

பிரகதீஸ்வரி


ஷார்ஜா
17.11.2024

அன்புள்ள அக்காவுக்கு,

என் அறையில் தங்கியிருக்கும் நம்மூர் சைபுல்லா பையோடு வாசலில் நிற்கிறான். இன்று ராத்திரி ஃப்ளைட்டில் ஊருக்கு வருகிறான், இதை நேரில் வந்து கொடுப்பான். அவசரமாக எழுதுகிறேன்.

இன்ஜின் ஓடிவிட்டது அக்கா.

உன் கடிதம் வந்த அன்றே லீவு கேட்டேன். முதலாளி மசியவில்லை. அதனால் தூக்கத்தை விட்டு வேலை செய்தேன். இன்று மதியம் முதலாளி முன்னால் சாவியைத் திருப்பினேன். இரண்டு தடவை இருமியது, மூன்றாவது தடவை பிடித்துக்கொண்டது. சத்தத்தில் தகரக் கூரையே அதிர்ந்தது.

புதுக் கேம் போட்ட இன்ஜினுக்கு ஒரு விதி உண்டு. முதல் முறை கிளப்பினால் இருபது நிமிடம் வேகம் குறையாமல் ஓட வேண்டும். நடுவில் நிறுத்தினால் கேம் தேய்ந்துவிடும், எல்லாவற்றையும் பிரித்து முதலிலிருந்து கட்ட வேண்டும். லீவும் போய்விடும். உனக்கு மூக்கில் வேர்த்துவிட்டது போலிருக்கிறது, சரியாக அந்த நேரத்தில்தான் உன் போன் வந்தது. அப்பா கேட்க ஆசைப்பட்டாரே என்று உடனே எடுத்துவிட்டேன். நீ சொன்னது ஒன்றும் காதில் விழவில்லை. நான் பேசினாலும் உனக்குக் கேட்காது. ஒரு கையால் வேகத்தைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் போனை இன்ஜினுக்கு நேராக நீட்டினேன். கை கடுத்தது, ஆனாலும் இறக்கவில்லை. அப்பா நன்றாகக் கேட்டாரா? என்ன சொன்னார்?

முதலாளி தோளில் தட்டி லீவு கொடுத்துவிட்டார். இதை அப்பாவுக்கு முதலில் வாசி: டிசம்பர் ஒன்றாம் தேதி காலை திருச்சியில் இறங்குகிறேன். மத்தியானச் சாப்பாடு உங்களோடுதான் அப்பா.

சைபுல்லா அவசரப்படுத்துகிறான். அவனை அனுப்பிவிட்டு உனக்குப் போன் செய்கிறேன்.

ராம்கி


நன்னிலம்
24.11.2024

ராம்கிக்கு,

உன் போனை நான் எடுப்பதில்லை என்று அத்தானிடம் வருத்தப்பட்டாயாம். எடுக்கப் பயமாக இருக்கிறது. எடுத்தால் அந்தச் சத்தம்தான் வரும் என்று தோன்றுகிறது.

பாஸ்போர்ட் முதலாளி பெட்டியில் இருக்கிறது, அவர் அன்று மாலையே வெளிநாடு போய்விட்டார், எனக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று நீ அத்தானிடம் சொன்ன பிறகுதான் அப்பாவை எடுத்தோம். பெரியப்பா மகன் குணசேகரன் அண்ணன் கொள்ளி வைத்தார். காடாற்றிவிட்டு வந்து உட்கார்ந்திருந்தபோது சைபுல்லா உன் கடிதத்தோடு வந்தான். ஊருக்குள் வந்த பிறகுதான் அவனுக்கே செய்தி தெரியும். கையில் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதான்.

உன் மேல் தப்பில்லை என்று எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கும் தெரிகிறது. ஆனாலும் மனசு ஆறவில்லை. அதே டிக்கெட்டில் கருமாதிக்கு வா. உனக்குச் சோறு போடுவேன். என்னோடு பேச வேண்டாம். எத்தனை நாளைக்கு என்று எனக்கே தெரியாது.

அப்பா கேட்டாரா, சந்தோஷப்பட்டாரா என்று கடிதத்திலும் கேட்டிருக்கிறாய், வாய்ஸ் மெசேஜிலும் கேட்கிறாய். சிரித்தார் என்று எழுதிவிடலாம் என்று இரண்டு நாள் யோசித்தேன். கை வரவில்லை.

அன்று மதியம் அவருக்கு மூச்சு வாங்கியது. "தம்பிக்குப் போடு" என்றார். நீ எடுத்தாய், சத்தம்தான் வந்தது. "ராம்கி, அப்பா பேசணுங்கிறாருடா, பேசுடா" என்று தொண்டை கிழியக் கத்தினேன். இன்ஜின் சத்தம் கேட்க ஆசைப்பட்டதெல்லாம் அவருக்கு மறந்து போயிருந்தது. "ஒரே எரைச்சலா இருக்கே, அங்க மழையா?" என்று என்னைக் கேட்டார். பிறகு போனைத் தானே வாங்கிக்கொண்டார். "தம்பி, எப்ப வர்றே?" என்று உன்னிடம் கேட்டார். பதில் வரும் என்று காதோடு ஒட்டி வைத்துக்கொண்டிருந்தார். நான் வாங்கப் போனேன், தரவில்லை. "இரும்மா, அவன் சொல்லட்டும்" என்றார். கை தளர்ந்து போன் தலையணையில் விழுந்தது. நான் அவரை உலுக்கிக்கொண்டிருந்தேன், உன் இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது.

பிரகதீஸ்வரி