உன் தொட்டிக்கு ஒரு விளக்கு

பள்ளியில் பாடம் நடத்திவிட்டு வந்து கதவைத் திறந்தபோது அறை முழுக்கத் தீய்ந்த பிளாஸ்டிக் வாடை. மீன்தொட்டி விளக்கின் அடாப்டர் உருகிச் சுவரில் கருப்பாகத் தடம் விட்டிருந்தது. நீ போன பிறகு தொட்டி இருண்டு கிடந்ததை அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். உன்னை அடக்கம் செய்த அன்றுகூட அப்படி அழவில்லை.

நம் அறையின் ஒரே ஜன்னல் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்து இருக்கிறது. விளக்கு இல்லாமல் உன் செடிகள் அதிக நாள் தாங்காது. ஆனாலும் வேறு விளக்கு வாங்குவதா, போனது போகட்டும் என்று விட்டுவிடுவதா என்பதை என்னால் முடிவு செய்ய முடியவில்லை.

முதல் விளக்கை நீதான் தேர்ந்தெடுத்தாய். கீழ ராஜ வீதியிலிருந்து பிரியும் சந்தில் அந்த மீன்கடை. கடைக்காரர் நீல விளக்கைப் போட்டுக் காட்டினார்.

"பாருங்கம்மா, மீனெல்லாம் எப்பிடி மின்னுது! ரூமுக்கு வாரவங்க அசந்துருவாங்க."

"எங்க ரூமுக்கு ஹவுஸ் ஓனர் மட்டுந்தாண்ணே வருவாரு. அவரு அசர வேணாம்" என்றாய். "செடிக்குப் போடுற வெள்ளை லைட்டு குடுங்க. வாட்ஸ் கெடக்கட்டும், எத்தன கெல்வின்னு அட்டையில பாருங்க."

அவர் அட்டைப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்க்க, நீ பொறுமையிழந்து பிடுங்கி, ஆறாயிரத்து ஐந்நூறு என்று அச்சிட்டிருந்த இடத்தில் விரலை வைத்தாய். அது உச்சிவெயிலின் நிறம் என்றாய். நான் ஆசையோடு ஒரு சிவப்பு இலைச் செடியைக் காட்டினேன். "அதுக்கு இன்னும் பவரான லைட்டு வேணும்டி. லைட்டு கூடுச்சுன்னா செடிக்கு முன்னாடி பாசி குடிவந்துரும்." கடைசியில் கொஞ்ச வெளிச்சத்திலேயே பிழைக்கும் ஜாவா ஃபெர்னும், பச்சை நூலாய் மெல்லிய இலைகள் கொண்ட அம்புலியாவும் வாங்கினோம். "கண்ணுக்குப் புடிச்ச வெளிச்சம் வேற, எலைக்குப் புடிச்ச வெளிச்சம் வேற" என்று திரும்பும் வழியில் சொன்னாய்.

ஜெகதாப்பட்டினத்திலிருந்து உன் அப்பா போனில் சிரித்தார். "கடல்ல கெடக்குற மீனுக்கு எவன்டி லைட்டு போட்டான்?"

"கடலுக்குச் சூரியன் இருக்குப்பா. எங்க ரூமுக்கு இல்ல."

மதியம் நீ வேலை பார்த்த லேபிலிருந்து சாப்பிட வரும்போது விளக்கைப் போடுவாய். படுக்கும்முன் அணைப்பாய். ஒரே ஒரு தடவைதான் இந்த ஒழுங்கு தவறியது. உன் அப்பாவின் படகு சொன்ன நாளில் கரைக்கு வரவில்லை. கடல் எல்லையில் பிடித்துவிட்டார்கள் என்று யாரோ சொன்னார்கள். நீ சாப்பிடவில்லை. விளக்கையும் அணைக்கவில்லை. உங்கள் வீட்டு வழக்கத்தை அன்றுதான் சொன்னாய்: கடலுக்குப் போனவர் தாமதித்தால் வாசல் பல்பு இரவும் பகலும் எரியும். திரும்பி வந்தவர்தான் தன் கையால் அதை அணைக்க வேண்டும். "இங்க வாசல் பல்பு இல்லடி. இருக்குற லைட்டுதான எரியணும்" என்றாய்.

இன்ஜின் பழுதாகி, வேறொரு படகு இழுத்துவர, அப்பா வந்து சேர்ந்தார். கதை அதோடு முடியவில்லை. விளக்கை அணைக்க அவரே வர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாய். கருவாட்டுப் பையோடு மாடியேறி வந்த மனிதர் தொட்டியைப் பார்த்துத் திகைத்து நின்றார்.

"என்னடி இது, ஊருணித் தண்ணி மாதிரி பச்சையா கெடக்கு?"

"ஒங்களாலதான். மொதல்ல சுவிட்ச அமுக்குங்க."

"இந்தக் கூத்துக்குத்தான் அறந்தாங்கியில பஸ்ஸு மாறி வந்தேனா!" என்றபடி அணைத்தார். நீ அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுததை நான் பார்க்காததுபோல் திரும்பிக்கொண்டேன்.

பிறகு உனக்குக் காய்ச்சல் வந்தது. அதே அப்பாதான் வந்து அழைத்துப் போனார். "ரெண்டு நாள்ல வாரேன்டி. செடியப் பாத்துக்க." நான் கடலோரத்துப் பெண் இல்லை, திருமயத்துக்காரி. இருந்தும் அன்று விளக்கை அணைக்கக் கை வரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி வந்தபோதும் அது எரிந்துகொண்டிருந்தது. உன் முகத்தைக் கடைசியாகப் பார்த்துவிட்டு ஜெகதாப்பட்டினத்திலிருந்து திரும்பியபோதும் எரிந்தது. கண்ணாடியில் பாசி ஏறியது. ஃபெர்ன் இலைகளின் ஓரம் கறுத்தது. நான் பாசியைச் சுரண்டினேனே தவிர சுவிட்சைத் தொடவில்லை.

அடாப்டர் எரிந்த மறுநாள் உன் அப்பாவைக் கூப்பிட்டேன்.

"அப்பா, ஒண்ணு கேக்கணும். திரும்பி வராதவங்க வீட்டுல அந்த பல்ப யாருப்பா அணைப்பாங்க?"

அவர் பின்னால் யாரோ ஐஸ் உடைக்கும் சத்தம் மெல்ல விலகியது.

"யாரும் அணைக்க மாட்டோம் தாயி. அதுவா பீஸ் போகும். போனா வேற போட மாட்டோம்." பிறகு குரல் தாழ்ந்தது. "ஏன் ஆத்தா, அங்கிட்டு எரிஞ்சுக்கிட்டா இருந்துச்சு?"

"ஆமாப்பா."

அவர் அழுவது கேட்டது. அழுகையினூடே, "அந்தச் செடியெல்லாம் எம்புள்ள நட்டதா?" என்றார்.

"ஆமாப்பா."

"அதுக்கு வெளிச்சம் வேணுமே."

அன்று மாலையே மீன்கடைக்குப் போனேன். "கூட வாரவங்களக் காணோமேம்மா?" என்றார் கடைக்காரர். "ஊருக்குப் போயிட்டாண்ணே" என்றேன். வேறு வார்த்தை வாயில் வரவில்லை. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் சேர்ந்த புது விளக்கை எடுத்துக் காட்டினார். போனிலேயே நிறம் மாற்றலாமாம். வேண்டாம் என்றேன். நீ அன்று காட்டிய அளவிலேயே, உச்சிவெயில் நிறத்தில் ஒரு வெள்ளை விளக்கு, தானே எரிந்து தானே அணைய வைக்கும் டைமரோடு கேட்டு வாங்கினேன். அணைக்க உரிமையுள்ள கை உன்னுடையது. அதன் இடத்தில் என் கையை வைக்க என்னால் முடியாது. அதனால்தான் டைமர்.

முதல் நாள் மாலை, பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தபோது அது தானாக அணைந்தது. டியூப்லைட்டின் மங்கலில் தொட்டியருகே போய் உட்கார்ந்தேன். சில நாட்களில் பாசி அடங்கத் தொடங்கியது. பிறகு ஒரு மாலையில், அம்புலியாவின் நுனி இலைகள் மெல்லக் குவிந்து மொட்டுப்போல் மூடிக்கொண்டதைக் கண்டேன். நீ போனதிலிருந்து அவை தூங்காமலே இருந்திருக்கின்றன.

பழைய விளக்கு எரிந்தவரை நீ வரவேண்டியவளாக இருந்தாய். இப்போது புது விளக்கு தானாக அணையும்போது, தினமும் ஒருமுறை நீ வராமல் போகிறாய். அந்த நேரத்துக்கு எங்கே இருந்தாலும் அறைக்கு வந்துவிடுகிறேன். இலைகள் மூடி முடிக்கும்வரை உன் செடிகளுக்குத் துணையாக உட்கார்ந்திருக்கிறேன்.